ஆக்ஸிலேட்டர் திரும்பவில்லையா? டர்ட் பைக் த்ராட்டில் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஆக்ஸிலேட்டர் மக்கர் செய்கிறது என்று என்னிடம் வரும் டர்ட் பைக்குகளில் பல, புதுக் கேபிளோடுதான் வருகின்றன. கேபிளை மாற்றியாகிவிட்டது, கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது கேபிள் என்பதால் பழி அதன் மேல் விழுகிறது. ஆனால் கோளாறு இருக்கக்கூடிய இடம் மூன்று: கைப்பிடிப் பக்கம், கேபிள், என்ஜின் பக்கம். எந்தப் பக்கம் என்று தெரிவதற்கு முன் ஒரு பாகமும் வாங்க வேண்டாம். கீழே உள்ளதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் வழிதான்.

பெயர்களை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ரப்பர் கிரிப்புக்குள் இருக்கும் குழாய்தான் ட்யூப். அதன் உள்முனையில் கேபிள் சுற்றும் வட்டப் பகுதி கேம். அதை மூடியிருக்கும் பெட்டி ஹவுசிங். டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெரும்பாலும் ஒரே கேபிள். அது கார்புரேட்டருக்குள் காற்றுப் பாதையைத் திறந்து மூடும் ஸ்லைடை நேராக மேலே இழுக்கும், ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பொதுவாக இரண்டு கேபிள்: ஒன்று திறக்க, இன்னொன்று மூட. இரண்டும் என்ஜின் பக்கத்தில் ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றும்; நான் சக்கரம் என்று சொல்வது அதைத்தான்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இவை

என்ஜின் அணைந்திருக்கட்டும். ஹேண்டில்பாரை நேராக வைத்து முழுதாக முறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். 'டக்' என்ற சத்தத்தோடு மூட வேண்டும். இதையே ஹேண்டில்பாரை இடது கடைசிவரை திருப்பி ஒருமுறை, வலது கடைசிவரை திருப்பி ஒருமுறை செய்யுங்கள். மூன்று நிலையிலும் ஒரே மாதிரி மூடினால்தான் வண்டியைக் கிளப்பலாம்.

அடுத்து கில் சுவிட்ச். பல டர்ட் பைக்குகளில் அது பட்டன் வகை. என்ஜின் நிற்கும்வரை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும், தட்டிவிட்டுக் கையை எடுத்தால் நிற்காது. ஆக்ஸிலேட்டர் சந்தேகமாக இருக்கும் வண்டியில் கில் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் கியர் போடாதீர்கள்.

மூன்றாவது, பிரித்துப் பார்க்கும் சோதனை. கார்புரேட்டர் அல்லது த்ராட்டில் பாடி (எஃப்.ஐ., அதாவது பெட்ரோலைப் பீச்சும் வகை வண்டியில் கார்புரேட்டர் இருக்கும் இடத்தில் இருப்பது) பக்கம் கேபிளின் முனையைக் கழற்றுங்கள். இப்போது கிரிப்பை முறுக்கிப் பாருங்கள்; வழுவழுப்பாகச் சுற்றுகிறதா? என்ஜின் பக்கத்துச் சக்கரத்தை விரலால் திறந்து விடுங்கள். ஸ்பிரிங் அதைப் பட்டென்று மூடுகிறதா? சக்கரம் ஒழுங்காக மூடினால் கோளாறு கேபிளில் அல்லது கைப்பிடியில். பிறகு ஹவுசிங்கைத் திறந்து அந்த முனையையும் கழற்றுங்கள். ட்யூப் தனியாக எப்படிச் சுற்றுகிறது, கேபிளின் உள்கம்பி தனியாக எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு ஸ்க்ரூடிரைவரும் இரண்டு ஸ்பேனரும் போதும். ஒற்றைக் கேபிள் டூ ஸ்ட்ரோக்கில் மட்டும் கார்புரேட்டர் மூடியைத் திறந்து ஸ்லைடை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் மூடியைச் சுற்றிக் கழுவித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மணல் உள்ளே போய் இல்லாத கோளாறை உண்டாக்கும்.

## அறிகுறி 1: கையை விட்டாலும் திரும்பவில்லை, அல்லது சோம்பலாகத் திரும்புகிறது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது நேர்ந்தால் கிளட்சைப் பிடித்து, கில் சுவிட்சை அமுக்குங்கள். கிரிப்பை முன்பக்கமாகத் தள்ளி மூடப் பார்ப்பதெல்லாம் பிறகு. நின்றபின் சும்மா இரண்டு முறை முறுக்கிப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று மறுபடி ஏறாதீர்கள். எது பிடித்தது என்று தெரியும்வரை அது சரியாகவில்லை.

### விழுந்த பிறகு வந்ததா?

அப்படியானால் ஹேண்டில்பாரின் வெளிமுனையைப் பாருங்கள். நான் பார்த்தவரை முதல் குற்றவாளி இதுதான். வலது பக்கம் விழும்போது கிரிப்பின் முனை தரையில் உரசி, ரப்பரும் ட்யூப்பும் பாரின் முனையோடு நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். கையைக் காக்கச் சுற்றிவரும் ஹேண்ட் கார்டு போட்ட வண்டியில் விழும்போது கார்டு உள்ளே தள்ளப்பட்டு, அதன் முனை ட்யூப்பை அழுத்தும். கார்டின் போல்டைத் தளர்த்திவிட்டு முறுக்கிப் பாருங்கள். உடனே சரியானால் காரணம் கிடைத்துவிட்டது. கார்டை வெளியே இழுத்து, ட்யூப் முனைக்கும் அதற்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இறுக்குங்கள்.

ஹேண்ட் கார்டைப் புதிதாக மாட்டியபின் வந்த கோளாறு என்றால், கிரிப்பின் மூடிய முனையை வெட்டித் திறந்தவர் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் ட்யூப்பின் முனையைச் சரியாக வெட்டாமல் விட்டிருப்பார். துளை பெரிதாக, ஓரம் பிசிறில்லாமல் இருக்க வேண்டும்.

இங்கே ஒன்றும் கிடைக்காவிட்டால் ட்யூப்பை முழுதாக உருவி எடுங்கள். பழைய பருத்தித் துணியால் ஹேண்டில்பாரைத் துடையுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. மெல்லிய அரத்தால் தேய்த்து, 400 நம்பர் உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். பிறகு ட்யூப்பை மட்டும் போட்டு முழு நீளத்துக்கும் உள்ளே வெளியே நகர்த்துங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் பார் அங்கே வளைந்திருக்கிறது அல்லது பள்ளம் விழுந்திருக்கிறது. அலுமினிய பாரை நிமிர்த்தக் கூடாது. நிமிர்த்திய பார் எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்றுவது ஒன்றே வழி.

### கிரிப் மாற்றிய பிறகு வந்ததா?

ரப்பர் கிரிப்பின் உள்விளிம்பு ஹவுசிங்கில் உரசுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டராவது வெளிச்சம் தெரிய வேண்டும். கட்டைவிரல் தேயாமல் இருக்க இடையில் போடும் மெல்லிய வளையமும் இதையே செய்யும். தடிமனானதைப் போட்டால் ஆக்ஸிலேட்டர் பாதியில் நிற்கும். கிரிப் ஒட்டும் பசை ட்யூப்பின் முனைவழி உள்ளே வழிந்து பாரோடு ஒட்டியிருப்பதும் உண்டு. அதைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும், எண்ணெய் விட்டால் போகாது.

### சேற்றில் ஓட்டிய பிறகு, கழுவிய பிறகு?

ஹவுசிங்கைத் திறங்கள். உள்ளே மணலும் காய்ந்த சேறும் இருக்கும். பிரஷால் தட்டி, துணியால் துடைத்து, கேபிள் முனையின் குமிழில் மட்டும் துளி கிரீஸ் வையுங்கள். ட்யூப்புக்கும் பாருக்கும் நடுவே கட்டி கிரீஸை அப்பாதீர்கள். முதல் நாள் வெண்ணெய் மாதிரி சுற்றும். தூசியில் இரண்டு ஓட்டம் ஓடியதும் அதே கிரீஸ் மணலைப் பிடித்து வைத்து அரைக்கும். உங்கள் வண்டியின் கையேடு அங்கே கிரீஸ் கேட்டால் மெல்லிய பூச்சாகப் போடுங்கள். மற்றபடி சுத்தமாக, உலர்ந்ததாக இருப்பதே நல்லது.

மறுபடி மூடும்போது இரண்டு போல்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹவுசிங் கோணி ட்யூப்பைப் பிடிக்கும். இதைச் சோதிப்பது எளிது: போல்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்தினால் ஆக்ஸிலேட்டர் சரியாகிறதா என்று பாருங்கள்.

உயர் அழுத்தத் தண்ணீரை ஹவுசிங்குக்கும் கேபிள் முனைக்கும் நேராகப் பிடிப்பவர்கள் இந்தக் கோளாறை வாரம்தோறும் வரவழைத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்துச் சிறு ரப்பர் மூடி கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இந்த வண்டியிலேயே மிக மலிவான பாகங்களில் ஒன்று அது.

### ட்யூப்பும் பாரும் நன்றாக இருக்கின்றன. கேபிளா?

இரு முனையும் கழற்றிய நிலையில் உள்கம்பியை விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். நீளம் முழுக்க நறநறவென்றால் அழுக்கு. ஓரிடத்தில் மட்டும் தடுக்கினால் மடிப்பு அல்லது அறுந்த இழை. அழுக்கென்றால் கேபிளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் கேபிளுக்கான ஸ்பிரேயை அடித்து, கீழே சுத்தமான திரவம் சொட்டும்வரை விடுங்கள். இதை வண்டியில் மாட்டியபடியே செய்தால் கழுவிய அழுக்கு நேராகக் கார்புரேட்டருக்குப் போகும். இக்காலக் கேபிள்களில் பெரும்பாலும் உள்ளே வழுக்கும் பிளாஸ்டிக் உறை இருக்கிறது; அதற்கு மெல்லிய சிலிக்கான் அல்லது டெஃப்லான் வகை போதும். கிரீஸும் கெட்டியான என்ஜின் ஆயிலும் உள்ளே தங்கித் தூசியைச் சேர்க்கும்.

உள்கம்பியில் ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் கேபிள் கதை முடிந்தது. முனைக் குமிழுக்கு அருகே, கேமில் வளையும் இடத்தில் கூர்ந்து பாருங்கள். நீட்டிய இழையை வெட்டிவிட்டு ஓட்டலாம் என்பார்கள். மீதி இழைகளும் அதே இடத்தில் அதே அளவு வளைந்தவைதானே?

புதுக் கேபிள் போடும்போது பழையதை உருவி எறியாமல், அதன் முனையில் புதியதைக் கட்டி இழுத்தால் பழைய வழியிலேயே போய்ச் சேரும். கழற்றுமுன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

### என்ஜின் பக்கம்தான் பிடிக்கிறது

ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் எஃப்.ஐ. வண்டியிலும் சக்கரத்தைச் சுற்றிச் சேறு, ஸ்பிரிங்கில் சிக்கிய புல், கழன்ற ஸ்பிரிங் முனை ஆகியவற்றைப் பாருங்கள். சுத்தம் செய்தும் சக்கரத்தின் அச்சு இறுக்கமாக இருந்தால், அதற்கு மேல் அது மெக்கானிக் வேலை.

டூ ஸ்ட்ரோக்கில் ஸ்லைடை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். செங்குத்துக் கீறல்கள் பளபளத்தால் ஏர் ஃபில்டர் வழியாக மணல் வந்திருக்கிறது. ஃபில்டரின் விளிம்பு சரியாக அமர்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். லேசான கீறலுக்குக் கார்புரேட்டர் கிளீனரால் கழுவினால் போதும். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளமிருந்தால் ஸ்லைடு போயிற்று. கார்புரேட்டரின் உட்சுவரிலும் அதே பள்ளம் இருந்தால் செலவு பெரிது. ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

திரும்ப மாட்டும்போது ஸ்லைடின் அடியில் வெட்டுப்பட்ட வளைவு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்லைடின் அடியில் தொங்கும் ஊசி அதன் துளைக்குள் இறங்க வேண்டும். ஊசியைப் பிடிக்கும் கிளிப் சரியாக அமராமல் விலகியிருந்தாலும் ஸ்லைடு முழுதாக இறங்காமல் போகலாம். மூடியைக் கையால் திருகும்போது தானாக இறங்காவிட்டால் பலத்தைக் காட்டாமல் கழற்றி மறுபடி தொடங்குங்கள். எல்லாம் மூடியபின் முறுக்கி விட்டு அந்த 'டக்' சத்தத்தைக் கேளுங்கள். கேட்காதவரை கிக்கரில் கால் வைக்காதீர்கள். முன்பின் மாற்றிப் போட்ட ஸ்லைடோடு கிளம்பிய டூ ஸ்ட்ரோக், முதல் கிக்கிலேயே உச்ச ரேஸுக்குப் போகும்.

## அறிகுறி 2: ஹேண்டில்பாரைத் திருப்பினால் ரேஸ் ஏறுகிறது

கேபிள் எங்கோ இழுபடுகிறது. ஐடிலில் விட்டு இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். சத்தம் கொஞ்சமும் மாறக் கூடாது.

முதலில் ஃப்ரீ ப்ளே, அதாவது முறுக்கத் தொடங்கியதும் எதுவும் நடக்காத சிறு இடைவெளி. கிரிப்பின் உள்விளிம்பில் ஒரு கோடும் ஹவுசிங்கில் நேரெதிரே ஒரு கோடும் மார்க்கரால் போடுங்கள். விரல் நுனியால் மெல்லத் திருப்பி, கேபிள் இழுக்கத் தொடங்கும் இடத்தில் இரு கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர் என்றோ அதையொட்டியோ இருக்கும். கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் காரணம் அதுதான்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். இரண்டு கேபிள் வண்டியில் முதலில் மூடும் கேபிளின் லாக் நட்டைத் தளர்த்தி, அதை நன்றாக லூசாக்குங்கள். அது இறுக்கமாக இருக்கும்போது திறக்கும் கேபிளை எப்படித் திருகினாலும் அளவு பொய் சொல்லும். பிறகு திறக்கும் கேபிளின் அட்ஜஸ்டரில் (லூசைக் கூட்டிக் குறைக்கும் திருகில்) இடைவெளியைக் கொண்டுவாருங்கள். கடைசியாக மூடும் கேபிளின் லூசை எடுத்து, இறுக்கம் தட்டுப்பட்டதும் சற்றே பின்வாங்கி நிறுத்துங்கள். லாக் நட்டுகளை இறுக்கியபின் மீண்டும் அளங்கள், ஏனென்றால் இறுக்கும்போது அட்ஜஸ்டரும் சேர்ந்து சுற்றும். கைப்பிடிப் பக்க அட்ஜஸ்டர் நுணுக்கத்துக்கு. அதன் மரை பெரும்பகுதி வெளியே வந்துவிட்டால் அதை உள்ளே திருகிவிட்டு, பெரிய மாற்றத்தை என்ஜின் பக்க அட்ஜஸ்டரில் செய்யுங்கள்.

இடைவெளி சரி, இருந்தும் ரேஸ் ஏறுகிறது என்றால் கேபிள் போகும் வழி. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், ஃப்ரேமின் கழுத்தைச் சுற்றி, டேங்குக்கு அடியில் விரலால் தொடர்ந்து போங்கள். கேபிளை ஃப்ரேமோடு இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் டை இருந்தால் வெட்டி, ஓடுவதற்கு இடம் விட்டுக் கட்டுங்கள்.

பாரை உயரமாக்கிய பின் வந்த கோளாறு என்றால் அட்ஜஸ்ட் செய்வதில் நேரத்தை வீணாக்காதீர்கள். கேபிள் நீளம் போதவில்லை. நீளமான கேபிள் வாங்குங்கள், அல்லது பாரை இறக்குங்கள்.

## அறிகுறி 3: கிரிப் திரும்பிவிட்டது, ரேஸ் மட்டும் இறங்கவில்லை

என்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள். கிரிப் மூடியிருக்கிறது, சக்கரமோ ஸ்லைடோ கடைசிவரை மூடித் தடுப்பில் நிற்கிறது. அப்படியானால் இது ஆக்ஸிலேட்டர் கோளாறே அல்ல. எங்கோ கூடுதல் காற்று போகிறது அல்லது பெட்ரோல் குறைகிறது. கேபிளைத் தொட வேண்டாம்.

எளியதிலிருந்து: ஐடில் ஸ்க்ரூவை யாராவது ஏற்றி வைத்திருக்கிறார்களா? சோக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? ஃபோர் ஸ்ட்ரோக் கார்புரேட்டர் வண்டியில், சூடான என்ஜினைக் கிளப்பக் கூடுதல் காற்று விடும் ஹாட் ஸ்டார்ட் லீவர் இருந்தால் அதன் கேபிளில் சிறு லூஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வால்வு எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும். பிறகு கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் பூட். கிளாம்பை இறுக்கி, பூட்டை வளைத்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத வெடிப்பு, வளைத்தால் வாய் திறக்கும். ஐடிலில் ஓடவிட்டு அந்த இடத்தில் சிறு தெளிப்பானால் தண்ணீர் தெளித்தால், சத்தம் மாறும் இடம் ஓட்டை. சிலர் இதற்குப் பெட்ரோல் தெளிப்பார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அந்த வேலை வேண்டாம்.

பூட் நன்றாக இருந்தால் கார்புரேட்டரின் பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் நுண்துளை) அடைத்திருக்கலாம், குறிப்பாகப் பல மாதம் நிறுத்தி வைத்திருந்த வண்டியில்.

இத்தனைக்கும் மேல் போவது டூ ஸ்ட்ரோக்கின் கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்று புகாமல் அடைக்கும் வளையம். மேக்னட் பக்கத்துச் சீல் போனால் அந்த வழியாகக் காற்று உறிஞ்சி ரேஸ் தானாக ஏறும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும், வெண்புகை கூடும். இதை உறுதி செய்ய என்ஜினை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்; இங்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதுவரை ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. இப்படிக் காற்று உறிஞ்சும் டூ ஸ்ட்ரோக் சில நேரம் கில் சுவிட்சுக்கும் அடங்காது. அப்போது பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் கிளட்சை விட்டு மடக்கி நிறுத்துவதே வழி.

## அறிகுறி 4: முறுக்குவதற்கே கனமாக இருக்கிறது

அரை மணி நேரத்தில் முன்கை இறுகிவிடும். காரணங்கள் பெரும்பாலும் அறிகுறி 1-இல் உள்ளவையே: காய்ந்த கேபிள், அழுக்கு ஹவுசிங், உரசும் முனை. அவற்றோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கேபிளும் இறுக்கமாக அட்ஜஸ்ட் செய்யப்பட்டிருந்தால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டிருக்கும். மூடும் கேபிளைத் தளர்த்தியதும் கை லேசாகும். இன்னொன்று, முன்பு யாராவது பெரிய கேம் போட்டிருக்கலாம். குறைவாக முறுக்கி நிறையத் திறக்கும் கேம் கனமாகத்தான் இருக்கும். அது கோளாறல்ல, அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை.

ஸ்பிரிங்கை வெட்டியோ இழுத்தோ மென்மையாக்கும் யோசனை வந்தால் அதைக் கைவிடுங்கள். கையை விட்டதும் வண்டி அடங்குவது அந்த ஸ்பிரிங்கால்தான்.

## அறிகுறி 5: முதலில் ஒன்றுமில்லை, பிறகு வெடுக்கென்று குதிக்கிறது

ஃப்ரீ ப்ளே அதிகம். அறிகுறி 2-இல் சொன்னபடி அளந்து குறையுங்கள். கேபிள் புதியது என்றால் சில ஓட்டத்தில் உறை அமர்ந்து கொஞ்சம் லூசாகும். மறுபடி ஒருமுறை அட்ஜஸ்ட் செய்வது வழக்கமே.

அது சரி என்றால் செயினைப் பாருங்கள். தொங்கும் செயினும் இதே குதிப்பைத் தரும். பலர் ஆக்ஸிலேட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கடைசியில்தான் செயினுக்கு வருகிறார்கள்.

முறுக்கும்போது 'கிளிக்' என்று ஓரிடத்தில் தட்டுகிறதா? பிளாஸ்டிக் ட்யூப் கேமுக்கு அருகே வெடித்திருக்கும். ஒட்டிப் பயன்படுத்த வேண்டாம்.

எஃப்.ஐ. வண்டியில், திறப்பின் ஒரே இடத்தில் எப்போதும் திணறினால் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளக்கும் த்ராட்டில் பொசிஷன் சென்சார்மேல் சந்தேகம் வரலாம். நீங்கள் செய்யக்கூடியது அதன் கனெக்டரைக் கழற்றி, உலர்த்தி, மாட்டுவது வரை. சென்சாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களையும், தொழிற்சாலையில் பெயிண்ட் வைத்து அடையாளமிட்ட ஸ்க்ரூக்களையும் தளர்த்தாதீர்கள். அது நகர்ந்துவிட்டால் பழைய இடத்தில் வைக்க மீட்டரும் கையேட்டு அளவும் வேண்டும். மெக்கானிக்கிடம் விடுங்கள்.

## அறிகுறி 6: முழுதாக முறுக்கியும் இழுக்கவில்லை

என்ஜினை அணைத்து, சீட்டையும் ஏர் ஃபில்டரையும் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஒருவர் முழுதாக முறுக்கட்டும். ஸ்லைடு பாதையை விட்டு முற்றிலும் மேலே போக வேண்டும், எஃப்.ஐ. வண்டியில் பட்டாம்பூச்சித் தகடு காற்று போகும் திசைக்கு இணையாகக் கிடக்க வேண்டும். அப்படித் திறந்தால் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு ஃபில்டர், ஜெட், சைலன்சர் பக்கம் போங்கள்.

முழுதாகத் திறக்காவிட்டால்: ஃப்ரீ ப்ளே அதிகம், அல்லது போட்டிருக்கும் கேம் இந்தக் கார்புரேட்டருக்குத் தேவையான அளவு கேபிளை இழுக்கவில்லை. சிறுவர் வண்டி என்றால் ஹவுசிங்கில் ஒரு ஸ்க்ரூ உள்ளே திருகி வைக்கப்பட்டிருக்கும். யமஹா பி.டபிள்யூ. 50 போன்றவற்றில், பழகும் குழந்தை முழு வேகம் போகாமலிருக்க அதை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். வண்டியைக் கோளாறு என்று சொல்லிக் கொண்டுவரும் அப்பாவிடம் இதைச் சொன்னால், பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

## அறிகுறி 7: ரப்பர் கிரிப் மட்டும் சுற்றுகிறது

கிரிப்பைக் கழற்றி, ட்யூப்பையும் கிரிப்பின் உட்புறத்தையும் ஆல்கஹாலால் துடைத்து, கிரிப் பசை போட்டு மாட்டி, ஓர் இரவு உலரவிடுங்கள். அதன்மேல் லாக் வயர் கட்டினால் ஈரத்திலும் நகராது. முறுக்கிய கம்பி நுனியை ரப்பருக்குள் அழுத்திப் புதையுங்கள். இல்லாவிட்டால் கையுறையையும் உள்ளங்கையையும் கிழிக்கும். வலது கிரிப்பின் உள்துளை ட்யூப்புக்கு ஏற்பப் பெரியது, இடது சிறியது. மாற்றி வாங்கியவர்கள்தான் எவ்வளவு பசை போட்டும் நிற்கவில்லை என்பார்கள்.

## அறிகுறி 8: காட்டுக்குள் கேபிள் அறுந்துவிட்டது

ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி, முதல் இரண்டு கியரில் கிளட்சும் பிரேக்கும் பிடித்து ஊர்ந்து வெளியே வரலாம். சமதளத்தில் மட்டும். நீண்ட தூரம் காட்டில் ஓட்டுபவர்கள் இன்னொரு புதுக் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டி, இரு முனையையும் டேப்பால் மூடி வைத்துவிடுவது உண்டு. அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டுவது மட்டுமே வேலை. நல்ல பழக்கம்.

## எல்லாம் சரி, ஆனால் கைக்கு ஒத்துவரவில்லை

இது அப்கிரேடுக்கான இடம். மேலே உள்ள அறிகுறி ஒன்றுகூட இல்லாத வண்டியில் மட்டும் செய்யுங்கள். அழுக்குக் கேபிளோடு விலையுயர்ந்த ட்யூப்பைச் சேர்த்தால் கிடைப்பது விலையுயர்ந்த அதே கோளாறு.

முழுதாகத் திறக்க மணிக்கட்டை இருமுறை மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் கால் சுற்று ஆக்ஸிலேட்டர், அல்லது பெரிய கேம். திறந்த மணல்வெளியிலும் மோட்டோகிராஸ் தடத்திலும் அது சுகம். பாறை, வேர், வழுக்குச் சேறு என்று மெதுவாக ஊர்ந்து போகும் இடத்தில் அது எதிரி. சிறு கை அசைவுக்கே பின்சக்கரம் சுற்றிவிடும். அப்படி ஓட்டுபவருக்குத் தொடக்கத்தில் மெதுவாகத் திறந்து பிறகு வேகம் பிடிக்கும் வடிவக் கேம் நல்லது. போல்டால் இறுக்கும் லாக் ஆன் கிரிப்புகள் சிலவற்றோடு பல கேம்கள் கூடவே வரும். வாங்குமுன் உங்கள் வண்டியின் மாடலும் ஆண்டும் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அலுமினிய ட்யூப் வெடிக்காது, முனையில் பேரிங் உள்ளவை பட்டுப்போல் சுற்றும். ஆனால் பெரிய விழுதலில் அது நசுங்கினால் நசுங்கியபடியே பாரைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் அந்த இடத்தில் வளைந்து கொடுத்திருக்கும். அடிக்கடி விழுபவருக்கு நான் நல்ல பிளாஸ்டிக் ட்யூப்பையும் ஹேண்ட் கார்டையும்தான் சொல்வேன். பாரின் நடுப்பகுதி 28.6 மில்லிமீட்டர் தடிமனான வகையாக இருந்தாலும் கிரிப் போடும் பகுதி 22.2 மில்லிமீட்டர்தான், ஆகவே ட்யூப் வாங்கும்போது அந்தக் குழப்பம் வேண்டாம்.

எதை மாட்டினாலும் ஃப்ரீ ப்ளேயைப் புதிதாக அளந்து, டார்ச் அடித்து முழுத் திறப்பைப் பார்த்து, மூன்று நிலையிலும் விட்டுப் பார்த்து, பிறகே கிளப்புங்கள். கேம் பெரிதானால் பழைய அட்ஜஸ்ட்மென்ட் செல்லாது.